வலது சீட்டில் முதல் வேலை

இரத்மலானையில் ஈமெயிலில் சி.வி. அனுப்பி முதல் வேலை எடுத்த, விமானம் ஓட்டக் கற்பிக்கிற இன்ஸ்ட்ரக்டர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, அனுப்புங்கள். ஆனால் அது போய்ச் சேருவதற்கு முன்பே உங்களைப் பற்றி அங்கே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். இலங்கையில் சின்ன விமானங்களில் பறக்கப் படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் வந்து சேருவது இந்த ஒரே விமான நிலையத்துக்குத்தான். காலையில் ஒரு ஹேங்கரில் நடந்தது பின்னேரத்துக்குள் அடுத்த ஹேங்கருக்குத் தெரிந்துவிடும். மாணவராக இருந்த காலத்தில் விமானத்தை எப்படித் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினீர்கள், லேண்டிங் சரிவராத நாளில் மற்றவர்களோடு எப்படிக் கதைத்தீர்கள், விமானத்தின் குறைகளைப் பதிகிற டெக் லொக்கில் சின்னக் குறையையும் எழுதினீர்களா, எழுதாமல் விட்டீர்களா, எல்லாம் யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும். சீஃப் இன்ஸ்ட்ரக்டருக்கு இல்லாவிட்டால் விமானத்தைத் திருத்துகிற எஞ்ஜினியருக்கு இருக்கும்.

ரேட்டிங், அதாவது கற்பிப்பதற்கான தகுதி, எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "அண்ணா, இன்ஸ்ட்ரக்டர் வேலை எப்படி எடுக்கிறது?" நான் திருப்பிக் கேட்பது, "ஏன் எடுக்கப் பார்க்கிறீர்கள்?" என்று. பதில் அநேகமாக ஒன்றுதான். மணி சேர்க்க, அதாவது பறந்த மணி நேரத்தைக் கூட்ட.

அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்த அளவுப்படி சி.பி.எல். என்ற வணிக விமானி லைசென்ஸ் எடுக்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150. எயார்லைன் கப்டனுக்கான ஏ.டி.பி.எல்.லுக்கு 1500. இடையில் கிடக்கிற ஆயிரத்துச் சொச்ச மணி நேரத்தையும் சொந்தக் காசு கட்டிப் பறக்க எந்த வீட்டாலும் முடியாது. இன்ஸ்ட்ரக்டராகிவிட்டால் மாணவரோடு பறக்கும் ஒவ்வொரு மணியும் விமானத்துக்குப் பொறுப்பான பைலட் என்ற கணக்கில் நம் லொக் புக்கிலும் ஏறும். அதில் பிழை எதுவும் இல்லை. நானும் அந்த மணிகளை எண்ணித்தான் வருகிறேன்.

ஆனால் அந்த மணிக்குக் காசு கட்டுகிறவர் யார் என்று பாருங்கள். வட்டுக்கோட்டையில் காணியை ஈடு வைத்த ஓர் அப்பா. வெள்ளவத்தையில் நகையை அடகு வைத்த ஓர் அம்மா. கட்டாரிலிருந்து மாதாமாதம் அனுப்புகிற ஓர் அண்ணன். 2022இல் இரண்டே மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது விமான எரிபொருள், உதிரிப்பாகம், வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறின. பாதியில் வீடு திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். தங்களுடைய 40 மணி நேர பி.பி.எல்.லை, அதாவது தனியார் விமானி லைசென்ஸை, முடிக்க அவர்களுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நம் மணி ஏறினால் போதும் என்று ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேலை தருகிறவர்களும் முதலில் இதைத்தான் பார்க்கிறார்கள். மணிக்காக மட்டும் வந்தவரை ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு பின்னேர வகுப்பால். ரேட்டிங் எடுத்து, இருந்த இரண்டு மூன்று இடங்களிலும் கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதிலோடு இருந்த காலம். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் 101 பஸ்ஸில் ஏறி நான் பறக்கப் படித்த பள்ளிக்கே போய்விடுவேன். அங்கே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்புப் பிள்ளைகள் சிலர் தியரிப் பாடங்களில் திணறிக்கொண்டிருந்தார்கள். மூளையில் குறை இல்லை. உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் தமிழில் படித்து நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள். அதே விஷயம் இங்கிலிஷ் புத்தகத்தில் வந்தவுடன் புது விஷயம் மாதிரித் தெரிந்துவிட்டது அவர்களுக்கு. பின்னேரங்களில் அவர்களுக்குத் தமிழில் வகுப்பு எடுக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் ஒரு பொடியன் ஸ்டோல், அதாவது இறக்கை போதிய ஏற்றுவிசை தராமல் விமானம் விழத் தொடங்குவது, பற்றி மனப்பாடமாகச் சொன்னான். நாங்கள் படிக்கிற சின்ன விமானமான செஸ்னா 152, இறக்கையின் ஃபிளாப் இறக்காமல் 48 நொட்டில் (மணிக்கு 48 கடல் மைல்) ஸ்டோல் ஆகும் என்றான். சரி, 60 பாகை சாய்த்து உயரம் குறையாமல் திருப்பினால் எத்தனை நொட் என்று கேட்டேன். "அதே 48தானே சேர்?" என்றான். வெண்பலகையில் விமானத்தைப் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, அதை 60 பாகை சாய்த்து, இறக்கைக்குச் செங்குத்தாக ஏற்றுவிசையை வரைந்தேன். "இதைக் கூறுகளாகத் துணி" என்றேன். உடனே பேனையை வாங்கி அவனே துணித்தான். நிலைக்குத்துக் கூறு, ஏற்றுவிசை தர கோசைன் 60. அது நிறைக்குச் சமமாக இருக்க வேண்டும். கோசைன் 60 அரை. ஆகவே ஏற்றுவிசை நிறையின் இரண்டு மடங்கு. ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது, ஆகவே ஸ்டோல் வேகம் வர்க்கமூலம் இரண்டு மடங்கு, 1.41. "68 நொட் சேர்!" என்று அவன் கத்தியது பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு, ஸ்டோலுக்குக் காரணம் வேகம் இல்லை, இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம்தான் என்பதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

பக்கத்து அறையில் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். சிங்களவர், விமானப்படையில் இருந்து வந்தவர், தமிழ் அவருக்கு விளங்காது. பலகையில் இருந்த படம் விளங்கியது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மல்லி (தம்பி), நாளைக்கு இதையே எனக்கு இங்கிலிஷில் நடத்திக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் என் நேர்முகப் பரீட்சை.

இதை என் அதிர்ஷ்டக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு மற்றப் பள்ளிகளில் வேலை எடுத்தவர்களோடு கதைத்தபோதும் இதே வழிதான் தெரிந்தது. சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பிறகு பேனையைக் கையில் தந்து, ஏதாவது ஒரு பாடத்தைப் பெயர் சொல்லி, "நான்தான் மாணவன், நடத்து" என்பார்கள். எந்தக் கொன்ட்ரோல் விமானத்தை எப்படி அசைக்கும் என்கிற எஃபெக்ட்ஸ் ஒஃப் கொன்ட்ரோல்ஸ் கேட்பார்கள், ஸ்டோல் கேட்பார்கள், குறுக்குக்காற்றில் இறங்குவதைக் கேட்பார்கள். வேண்டுமென்றே முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். எரிச்சல் தெரிகிறதா, கேலி தெரிகிறதா என்று. தெரிந்தால் அங்கேயே முடிந்தது. ரேட்டிங் கோர்ஸில் எழுதிய பிரீஃபிங் (பறக்க முன் தருகிற விளக்கம்) கொப்பியை அப்படியே ஒப்புவிக்கிறவரும் தேறமாட்டார். ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது நிமிடத்துக்குள் அடங்குகிற சொந்தப் பிரீஃபிங் ஒன்றைத் தயாரித்து, வீட்டில் தங்கைக்கோ அம்மாவுக்கோ நடத்திப் பாருங்கள். என் அம்மாவுக்கு, விமானத்தைச் சாய்க்கும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடுகிற அடிவேர்ஸ் யோ என்றால் என்னவென்று இப்போது நன்றாகவே தெரியும்.

அடுத்தது பறந்து காட்டுவது, அதுவும் இன்ஸ்ட்ரக்டர் உட்காருகிற வலது சீட்டிலிருந்து. செஸ்னா 152இல் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளும் தோளும் முட்டும். இடது சீட்டில் வலது கையால் பிடித்துப் பழகிய த்ரொட்டில் இப்போது இடது கைக்கு வரும். முக்கியமான கருவிகள் எல்லாம் மாணவர் பக்கத்தில் இருப்பதால் நாம் சரிந்துதான் பார்க்க வேண்டும். வேகமானியின் முள் உள்ளதைவிடக் கொஞ்சம் தள்ளித் தெரியும். மூக்கு எங்கே இருந்தால் விமானம் ஓடுபாதைக்கு நேராக நிற்கிறது என்கிற பழைய படமும் மாறிவிடும். இதைப் பழகாமல் யாரும் பரீட்சைக்குப் போகவேண்டாம். ரேட்டிங் முடிந்த கையோடு சில மாதங்கள் பறக்காமல் இருந்தால் முதலில் மறப்பது இந்த இடது கைப் பழக்கம்தான். காசு இருந்தால் ஒரு மணி நேரம் வலது சீட்டில் பறந்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் எஞ்ஜினியரிடம் கேட்டு, நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் வலது சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பழகுங்கள். நான் செய்தது அதுதான்.

அந்தப் பரீட்சையில் மூத்தவர் மாணவன் வேடம் போடுவார். ஓடுபாதை 22க்கு இறங்கி வருகிற வழியில் பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம் இருக்கிறது. 1990இல் சரணாலயமாக அறிவித்த இடம், பறவைகளுக்குக் குறைவில்லை. மாணவர் வேகமானியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே பார்க்க வேண்டியவர் இன்ஸ்ட்ரக்டர். பிறகு தரை நெருங்கும்போது மூத்தவர் வேண்டுமென்றே மூக்கைக் கெதியாகத் தூக்குவார், அல்லது தூக்காமலே விடுவார். சக்கரம் பட்டு எம்பினால் பயந்த மாணவர் என்ன செய்வாரோ அதையே செய்து, மூக்கைக் கீழே தள்ளுவார். அப்படி இரண்டு தடவை எம்பினால் முன்சக்கரம் முறியலாம். நம் கை அந்த நேரமெல்லாம் கொன்ட்ரோலைத் தொடாமல், அதைவிட்டு விலகாமல், அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறவரின் கை மாதிரி இருக்க வேண்டும். கெதியாகப் பிடித்தால் மாணவர் ஒன்றும் கற்கமாட்டார். பிந்தினால் விமானம் போய்விடும். பிடிப்பதென்றால் "ஐ ஹாவ் கொன்ட்ரோல்" என்று தெளிவாகச் சொல்லிப் பிடிக்க வேண்டும், குரலில் கோபம் இல்லாமல். எந்த இடத்தில் பிடித்தீர்கள், பிடித்த பிறகு என்ன சொன்னீர்கள் என்பதை வைத்துத்தான் அன்றைய தீர்ப்பு.

வீட்டுப் பேச்சுக்கும் தயாராக இருக்க வேண்டும். கோயிலில் கண்டாலும், கலியாண வீட்டில் கண்டாலும், "தம்பி, எயார்லைனில எப்ப சேரப்போறீர்?" என்பதுதான் முதல் கேள்வி. இன்ஸ்ட்ரக்டர் என்றால் எயார்லைன் கிடைக்காதவர் என்று நம் ஆட்களில் பலருக்கு ஒரு நினைப்பு. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். இரத்மலானையில் முதன்முதலில் வந்து இறங்கிய விமானம் எது தெரியுமா? 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னையிலிருந்து வந்த ஒரு புஸ் மொத். அதை ஓட்டி வந்த டிண்டேல் பிஸ்கோ, மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமை இன்ஸ்ட்ரக்டர். இந்த ஓடுதரையில் முதலில் சக்கரம் வைத்தவரே ஒரு வாத்தியார். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் சேவை இங்கிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்குப் பறந்தபோது, அந்த டி.சி.-3ஐ ஓட்டியவர்களுக்கும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருப்பார்தானே. அப்பாவிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஆட்களிடம் "மகன் விமானம் ஓட்டப் படிப்பிக்கிறார்" என்றுதான் சொல்கிறார்.

சம்பளம். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஆகவே நான் விரிவாகவே சொல்கிறேன். புது இன்ஸ்ட்ரக்டருக்குப் பெரும்பாலும் பறக்கிற மணிக்குத்தான் காசு. கேட்கும்போது நல்லதாகத்தான் தெரியும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடிமுகில் எழும்பிவிடும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மழை ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். காலை ஆறரைக்கு வந்து, விமானத்தைப் பரிசோதித்து, எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்து, மாணவருக்கு பிரீஃபிங் கொடுத்து, முகிலைப் பார்த்துக்கொண்டே இருந்து, பத்து மணிக்கு "இன்றைக்கு இல்லை" என்று ஆகும். அந்த மூன்றரை மணி நேர உழைப்புக்குச் சம்பளம் பூச்சியம். ஒரு பள்ளி என்னிடம் ஆறு மாதம் சம்பளமே இல்லாமல் வேலை செய்யக் கேட்டது, "லொக் புக்கில் ஏறுகிற மணிதான் உன் சம்பளம்" என்றார்கள். நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். மணி கிடைக்கிறதே என்று ஒருவர் சும்மா வேலை செய்தால் அதற்குப் பிறகு வருகிற எல்லோரிடமும் அதையே கேட்பார்கள். நாளுக்கு ஒரு சின்னத் தொகையாவது நிலையாகக் கேளுங்கள், தரை வகுப்புக்கும் பிரீஃபிங்குக்கும் தனியாகக் கேளுங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

நேர்முகத்தில் நாமும் கேட்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. கேட்கத்தான் வேண்டும். செஸ்னா 152 தயாரித்ததே 1977 முதல் 1985 வரைதான், ஆகவே நீங்கள் பறக்கப்போவது உங்களைவிட வயதில் மூத்த விமானம். வயது ஒரு குறையே இல்லை, பராமரிப்புத்தான் விஷயம். 50 மணி, 100 மணிப் பரிசோதனைகள் எங்கே, யார் செய்கிறார்கள், டெக் லொக்கைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள். பறக்க மாட்டேன் என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்ன நாளில் அந்தப் பள்ளியில் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். அதற்கு அவர்கள் தருகிற பதிலைவிட, பதில் சொல்ல எடுக்கிற நேரம் கூடுதலாகச் சொல்லும்.

முக்கியமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. முதல் வருடம் உங்களுக்கு மேல் யார் இருப்பார்? 200 மணி நேரம் பறந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்பதை மறக்கவே கூடாது. எங்கள் பள்ளியில் புது இன்ஸ்ட்ரக்டர் தன் மாணவரைத் தானாக முதல் சோலோவுக்கு, அதாவது தனியாகப் பறக்க, அனுப்புவதில்லை. மூத்தவர் ஒருவர் அந்த மாணவரோடு சர்க்கியூட் (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது) பறந்து பார்த்த பிறகுதான் அனுப்பலாம். ஆரம்பத்தில் இது நம்மில் நம்பிக்கை இல்லாத மாதிரித் தெரியலாம். என் முதல் மாணவனை அப்படிப் பார்த்துவிட்டு வந்த மூத்தவர், "பையன் நன்றாக இறக்குகிறான், ஆனால் வலது காலைப் பாவிக்கிறதே இல்லை, ஏறும்போது நீ ரடரை (வாலில் உள்ள சுக்கானை) அவனுக்காக மிதிக்கிறாய் போல" என்றார். பார்த்தால், உண்மையிலேயே என் கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. இப்படிச் சொல்ல ஒருவர் இருக்கிற பள்ளியில், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், முதல் வேலையை எடுங்கள்.

காத்திருக்கிற மாதங்களில் கடதாசிகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதலாம் வகுப்பு மெடிக்கல் 12 மாதம்தான். இங்கிலிஷ் தேர்ச்சி நாலாம் நிலை என்றால் 3 வருடத்தில் திரும்பவும் பரீட்சை, ஐந்தாம் நிலை என்றால் 6 வருடத்தில். நாளைக்கே வா என்று கூப்பிடுகிற நாளில் ஒன்று காலாவதியாகிக் கிடந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வெளிநாட்டிலும் தேடலாம், தப்பில்லை. ஆனால் லைசென்ஸை மாற்றி எடுக்கக் காசும் காலமும் போகும், பெரும்பாலான இடங்களில் கற்பித்த அனுபவம் கேட்பார்கள்.

போன வருடம் ஹற்றனிலிருந்து வந்து எங்களிடமே படித்து ரேட்டிங் எடுத்த ஒரு தங்கை இப்போது எங்களோடு வேலை செய்கிறாள். காத்திருந்த காலம் முழுக்க பின்னேர வகுப்பில் வானிலைப் பாடம் நடத்தினாள். முகில் எப்படிக் கட்டுகிறது என்பதை அவளைவிட வடிவாகச் சொல்ல எங்களில் ஆள் இல்லை, மலைநாட்டில் வளர்ந்த பிள்ளை. வேலைக்குக் கூப்பிட்டபோது சீஃப் இன்ஸ்ட்ரக்டரிடம் அவள் முதலில் கேட்டது டெக் லொக்கை, இரண்டாவது கேட்டது தனக்கு மேல் யார் என்பதை, மூன்றாவது தரை வகுப்புக்கு எவ்வளவு என்று. அதுவரை தரை வகுப்புக்கு எங்கள் ஒருவருக்கும் தனிக் காசு கிடையாது. அவர் இரண்டு நாள் எடுத்தார். இப்போது எங்கள் எல்லோருக்கும் தருகிறார்கள்.